உயிரோடு இருப்பவளின் ஹஜ்

சிக்கந்தர் மௌத்தான இருபத்திரண்டாம் நாள், கொழுந்தன் பீரு ஒரு காகிதத்தோடு வந்து திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான்.

மைமூன் இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு இறங்கக் கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. கொழுந்தனும் அந்தக் கணக்கில் அந்நியன்தான். முப்பத்திரண்டு வருஷம் அவள் கையால் சோறு வாங்கித் தின்றவன், இப்போது ஹாலில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கரியாஹாட் நடைபாதைக் கடையில் வாங்கிய பூப்போட்ட திரைச்சீலையைப் பார்த்துப் பேச வேண்டியிருந்தது.

"மதினி, ஒரு கையெழுத்து வேணும்."

"என்ன கையெழுத்து?"

"ஹஜ் விஷயம்தான். நாலு பேரும் ஒரே மனுவுல இருக்கோம்ல. அண்ணன் பேரையும் உங்க பேரையும் எடுத்தாத்தான் எங்க ரெண்டு பேர் டிக்கெட் முடியுமாம். கார்ப்பரேஷன்ல மௌத் சர்டிபிகேட் வாங்கிட்டேன்."

காகிதம் திரைக்கு அடியில் நகர்ந்து வந்தது. பின்னால் ஒரு பேனா உருண்டு வந்தது. பயணத்தை ரத்து செய்யும் மனு. இரண்டு பெயர்கள் இருந்தன. சிக்கந்தர் பெயருக்கு எதிரே காரணம் 'மரணம்' என்று எழுதியிருந்தது. அவள் பெயருக்கு எதிரேயும் அதே காரணத்தை எழுதி, அப்புறம் தப்பென்று பட்டு அடித்துவிட்டு, 'இத்தா' என்று பீரு எழுதியிருந்தான்.

"ரெண்டு நாள் குடு தம்பி" என்றாள்.

"இதுல யோசிக்க என்ன மதினி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. ரெண்டு நாள் குடு."

அவன் டீயைக் குடித்துவிட்டுப் போனான். போகும்போது வாசலில் நின்று, கீழ்வீட்டு பெங்காலிப் பாபியிடம் சொல்வது கேட்டது. அண்ணன் கஅபாவைக் காணாத ஏக்கத்தோடு போய்விட்டார் என்றான். அந்தப் பெண் 'ஆஹா' என்றாள்.

இருபத்திரண்டு நாளாக எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். அவர் கடை இருந்த ஜக்கரியா தெரு வியாபாரிகளின் மனைவிமார் கூட்டம் கூட்டமாக வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்து, விமானத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது அல்லாஹ் அழைத்துக்கொண்டானே, நிய்யத் வைத்தவருக்கு ஹஜ்ஜின் நன்மை உண்டு, அவர் ஹாஜியாகத்தான் போயிருக்கிறார் என்றார்கள். மைமூன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். அவள் குனிந்திருப்பதைப் பார்த்து, எப்பேர்ப்பட்ட பாசம் என்று ஒருத்தி காதில் ஒருத்தி சொன்னார்கள்.

அவருக்கு அந்த நிய்யத், போக வேண்டும் என்ற எண்ணம், இருந்ததில்லை. அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பத்தொன்பது வருஷம் அவள் கேட்டாள். கோபமாகக் கேட்டதில்லை. குழம்பு ஊற்றும்போது, சட்டைக்குப் பித்தான் தைக்கும்போது, காய்ச்சலில் நெற்றிக்கு ஈரத்துணி போடும்போது. 'இந்த வருஷம் போலாமாங்க?' அவர் மறுத்ததே இல்லை. மறுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். 'இன்ஷா அல்லா, அடுத்த வருஷம்' என்பார். முதலில் லுங்கிக் கடைக்குக் கிடங்கு பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு மகள் கல்யாணம். பிறகு மகளின் முதல் பிரசவம். பிறகு அவர் முழங்கால். கொரோனா வந்து ஹஜ்ஜே நின்ற வருஷம், உலகமே அவர் பக்கம் நின்றது. தொலைக்காட்சியில் ஆளில்லாத கஅபாவைப் பார்த்து, 'பாத்தியா, நான்தான் சொன்னேனே' என்றார், ஏதோ முன்கூட்டியே தெரிந்து தடுத்தவர் மாதிரி.

கெட்டவர் இல்லை. அதுதான் அவள் வாயை அடைத்தது. ஐந்து வேளை தொழுவார், நோன்பு விடமாட்டார், அவள் மேல் ஒரு நாளும் கை நீட்டியதில்லை. ஆனால் நாற்பது நாள் கடையை மூடிவிட்டு, தெரியாத ஊரில், கூட்டத்தில், மனைவி கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது என்பது அவருக்கு ஒரு தொந்தரவு. அவ்வளவுதான். அவளுடைய வாழ்க்கையின் மிகப் பெரிய ஆசை அவருக்கு ஒரு தொந்தரவாக இருந்தது.

போன வருஷம் விண்ணப்பம் திறந்தபோது அவள் கேட்கவில்லை. சொன்னாள்.

"நாப்பத்தஞ்சு தாண்டின பொம்பளைங்க ஆம்பிளத் துணையில்லாம நாலு பேராச் சேந்து போலாமாம். நம்ம பேனியாபுகுர்ல மூணு பேர் இருக்காங்க. நான் நாலாவது."

அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தார்.

"ஜக்கரியா தெருவுல நான் தலை நிமிந்து நடக்கணுமா வேணாமா?"

"நடங்க. நான் வேண்டாங்கலயே."

மறுநாள் இருவருக்குமான விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். பேச்சுத்துணைக்குத் தம்பியையும் தம்பி மனைவி ஷம்ஷாதையும் சேர்த்துக்கொண்டார். பீரு ஏற்கெனவே ஒரு தடவை போய்வந்தவன்; ஷம்ஷாதுக்குத் துணையாக மறுபடியும் வர முடிந்தது. ஹஜ் பயிற்சி வகுப்பில் சிக்கந்தர் கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்கினார். வகுப்பு பெங்காலியில் நடந்தது. ஆசிரியர் ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் 'புஜேச்சேன்?' என்று கேட்பார், புரிந்ததா என்று. அவள் பாதிதான் புரிந்து, முழுசாகத் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து, ஊரிலிருந்து வரவழைத்த தமிழ்ப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டு மேஜையைக் கஅபாவாக நினைத்து இடப்பக்கமாக ஏழு சுற்றுச் சுற்றினாள். அந்த மேஜையில் உட்கார்ந்து அவர் தோசை தின்றுகொண்டிருந்தார்.

"யாரைச் சுத்துறே? என்னையா?" என்று சிரித்தார்.

அவளும் சிரித்தாள். மூன்றாவது சுற்றா நான்காவது சுற்றா என்று குழம்பிப்போய், மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

இதையெல்லாம்கூட யாரிடமாவது சொல்லிவிடலாம். சொல்ல முடியாதது வேறு ஒன்று. நோன்புப் பெருநாள் முடிந்த ஒன்பதாம் நாள், காலை பதினொரு மணிக்குக் கடையிலிருந்து போன் வந்தது. முதலாளி கல்லாவிலேயே சாய்ந்துவிட்டார், ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது என்றார்கள். போனைக் காதிலிருந்து எடுக்கும் முன்பே அவள் விரல்கள் கணுக்களை எண்ணத் தொடங்கியிருந்தன. ஷவ்வால், துல்கஃதா, துல்ஹஜ், முஹர்ரம். நான்கு மாதம் பத்து நாள். ஹஜ் நடக்கும் துல்ஹஜ் மாதம் உள்ளே வந்தது. எவ்வளவு இழுத்துப் பார்த்தாலும் உள்ளேதான் வந்தது. அப்போதுதான் அவளிடமிருந்து அந்தச் சத்தம் வந்தது. கீழ்வீட்டுப் பாபி ஓடி வந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். அந்த அழுகையைக் கேட்டவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

மய்யித் வீட்டுக்கு வந்து, குளிப்பாட்டி, கஃபனிட்டு, கோப்ரா கபர்ஸ்தானுக்குக் கிளம்பும்போது அவள் கண் காய்ந்திருந்தது. அழுது ஓய்ந்துவிட்டாள் என்று நினைத்தார்கள்.

பீரு காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போன மறுநாள் பத்மஜா வந்தாள். இருவருடைய மகள்களும் ஒரே பள்ளியில் படித்தபோது வாசலில் ஏற்பட்ட பழக்கம். பத்மஜா வங்கியிலிருந்து ஓய்வு பெற்று, டாலிகஞ்சில் கணவன் பார்த்தசாரதியோடு இருந்தாள். மெட்ரோவில் வந்து, மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டே திரையை விலக்கிக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஒங்க ஃப்ளாட்டுக்கு ஏர்றதே ஒரு யாத்திரை. என்னடி, மூஞ்சி இப்படிக் கறுத்துப் போச்சு?"

"மூணு மாடி ஏறி வந்து அதைச் சொல்லணுமா?"

"பின்ன, இத்தாவுல அழகாயிட்டேன்னு சொல்லட்டுமா?" பத்மஜாவின் கண் கட்டில்மேல் கிடந்த காகிதத்தில் விழுந்தது. எடுத்துப் படித்தாள். வங்கியில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவள், எந்தக் காகிதத்தையும் படிக்காமல் விடமாட்டாள். "கையெழுத்துப் போடலையா நீ?"

"போடல."

"போடாதே. போயேன். யார் நாளை எண்ணிண்டு உக்காந்திருக்கா?"

"அல்லா உக்காந்திருக்கான்."

"அவருக்கு வேற வேலை இல்லையா?" என்றவள், மைமூனின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "சரி, வெளையாட்டுக்குச் சொல்லலை. அவர் போனது உன் தப்பா? போன எடத்துலயும் வெள்ளையைக் கட்டிண்டு தொழத்தானே போறே? அடுத்த வருஷம்னு ஒண்ணு நிச்சயமா இருக்கா சொல்லு."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. அடுத்த வருஷம் போய்க்கலாமாம்."

"எல்லாரும் ஒன் புருஷன் மாதிரியே பேசறாளே."

மைமூன் திடுக்கிட்டாள். பத்மஜாவுக்கு அவ்வளவு தெரிந்திருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. ஆனால் பத்மஜா அதை ஒரு கேலியாகச் சொல்லிவிட்டு, பையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்தாள்.

பத்மஜா போன பிறகு, திண்டுக்கல் பக்கம் ஒரு மதரஸாவில் இருந்த ஹஜ்ரத்துக்கு மைமூன் போன் செய்தாள். மகளுக்கு நிக்காஹ் ஓதியவர். வயதானவர், அவசரப்படாமல் கேட்டார்.

"வீட்டுலேயே இருங்கம்மா. இத்தாவுல இருக்கறதும் இபாதத்துதான், வணக்கம்தான்."

"போனா, ஹஜ் கூடாதா ஹஜ்ரத்?"

யாருக்கும் ஒரு கதவைத் திறந்துவிட விரும்பாதவர். ஆனால் நேர்மையானவர்.

"ஹஜ் கூடிரும். கடமை நிறைவேறிரும். ஆனா இத்தாவை முறிச்ச குற்றம் உங்க மேல இருக்கும். அதுக்கு நீங்கதான் ரப்புக்குப் பதில் சொல்லணும்."

அன்று முழுவதும் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குள் நடந்தாள். கூடிரும். குற்றத்தோடு கூடிரும். கால்போஷாகிப் புயல்காற்று கிளம்பி ஜன்னல்களை அறைந்தது, ஒவ்வொன்றாகச் சாத்தினாள். பாவம் செய்து போகும் ஒருத்தி அந்த இடத்தில் நின்று 'வந்துவிட்டேன், ரப்பே' என்று சொன்னால் என்ன ஆகும்? அவனுக்குத் தெரியாதா, பத்தொன்பது வருஷம் யார் நிறுத்தினார்கள் என்று? பிறகு இன்னொரு கேள்வி, பல்லில் மாட்டிய நார் மாதிரி. அவள் போக விரும்புவது அல்லாஹ்வின் வீட்டுக்கா, அல்லது சிக்கந்தரை ஜெயிக்கவா? இந்தப் பத்தொன்பது வருஷத்தில் ஆசை எங்கே முடிந்து வீம்பு எங்கே தொடங்கியது? அவள் தேடிப் பார்த்தாள். தையல் தெரியவில்லை. இரண்டும் ஒரே துணியாகியிருந்தன.

அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்தாள். வீம்போடுதான் போவேன். அங்கே போய் அழுதுகொள்கிறேன்.

பீரு சொன்ன நாளில் வந்தான். ஷம்ஷாதும் வந்தாள். அவள் பெண் என்பதால் உள்ளே வந்து மைமூன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அவன் திரைக்கு அந்தப் பக்கம்.

"போட்டுட்டீங்களா மதினி?"

"உங்க அண்ணன் பேரை மட்டும் எடு தம்பி. நான் வர்றேன்."

ஷம்ஷாத் வாயைப் பொத்திக்கொண்டாள். திரைக்கு வெளியே நாற்காலி கிறீச்சிட்டது.

"என்ன பேச்சு மதினி இது? அண்ணன் கபர் இன்னும் காயல."

"ஹஜ்ரத்துக்கிட்டக் கேட்டுட்டேன். ஹஜ் கூடிரும்னாரு. குற்றம் என்னுது. நான் பாத்துக்கறேன்."

"ஊரு என்ன சொல்லும்? நான் எந்த மூஞ்சியோட நடப்பேன்? போன ஜும்ஆவுல பள்ளியில எந்திரிச்சு நின்னு சொல்லியிருக்கேன், எனக்கு ஒரு ஹஜ் ஆயிருச்சு, இந்த ஹஜ்ஜை எங்க அண்ணன் பேர்ல செய்யப் போறேன்னு. கேட்டவங்க எல்லாம் அழுதாங்க. ஹாஜத்தோட, அந்த ஏக்கத்தோட போன மனுசன். அவருக்காக நான் அங்க நிக்கும்போது, அவரு இத்தாவை முறிச்சுட்டு நீங்க பக்கத்துல நிப்பீங்களா?"

அவர் பேரில். மைமூனுக்கு அது முதலில் உள்ளே இறங்கவில்லை. பிறகு இறங்கியது. சிக்கந்தர் மண்ணுக்கடியில் படுத்திருக்க, அவருக்கு ஹஜ் நடக்கப் போகிறது. கடையை மூடாமல், கூட்டத்தில் இடிபடாமல், முழங்கால் வலிக்காமல்.

"உங்க அண்ணனுக்கு நிய்யத் இல்ல" என்றாள்.

"என்ன?"

"அவருக்குப் போற எண்ணமே இல்ல. பத்தொம்பது வருசம் நான் கேட்டேன். நான் தனியாப் போறேன்னு சொன்ன பொறவு, தெருவுக்குப் பயந்து கையெழுத்துப் போட்டாரு. ஏக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஏக்கம் என்னுது. நீங்க எல்லாரும் எடுத்து அவருக்குப் போத்திட்டீங்க."

சொல்லி முடித்தாள். ஏதோ உடையும் என்று காத்திருந்தாள். திரைக்கு வெளியே பீரு மூக்கை உறிஞ்சினான்.

"ஷம்ஷாத்து" என்றான் மெதுவாக, "மதினிக்குத் தண்ணி குடு. துக்கம் தலைக்கு ஏறிருச்சு."

ஷம்ஷாத் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். "அழுதுருங்க மதினி. உள்ளயே வச்சுக்காதீங்க."

அவள் சொன்ன உண்மையையும் அவருக்கான அழுகையாக மாற்றிவிட்டார்கள். மைமூன் அந்தக் கையை விலக்கினாள்.

"சரி. அப்படின்னா அந்த ஹஜ்ஜை என் பேர்ல செய்."

"உங்க பேர்லயா?"

"ஆமா. உனக்குத்தான் ஒண்ணு ஆயிருச்சே. எனக்காகச் செய்."

"அதெப்படி மதினி?" பீருவின் குரலில் உண்மையான குழப்பம். "மௌத்தானவங்களுக்குச் செய்யலாம். எந்திரிக்கவே முடியாத நோயாளிக்குச் செய்யலாம். நீங்கதான் உயிரோட இருக்கீங்களே. நல்லா நடமாடுறீங்களே."

சட்டப்படி அவன் சொன்னது முழுக்கச் சரி. நடமாடுகிறவள் தானே போக வேண்டும். இத்தாவில் இருப்பவள் தானே போகவும் கூடாது.

பீரு தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஒண்ணு சொல்லிர்றேன் மதினி. தெரிஞ்சே நடக்குற குற்றத்துக்கு நான் துணை போக மாட்டேன். நீங்க வர்றதுன்னா, நானும் ஷம்ஷாத்தும் நின்னுக்கறோம். நாலு பேரையும் எடுத்திரலாம்."

மைமூன் ஷம்ஷாதைப் பார்த்தாள். ஷம்ஷாதுக்கு இது முதல் தடவை. பயணத்துக்கென்று எப்போதோ மருதாணி வாங்கி வைத்தவள்; மௌத் வீட்டில் அதைப் பேசக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டிருந்தவள். ஒரு எதிர்ப்பும் இல்லாமல் தலை குனிந்திருந்தாள். புருஷன் நில் என்றால் நின்றுவிடுவாள். வீட்டுக்குப் போய்ச் சோறு வடிப்பாள். அடுத்த வருஷம் என்பான், சரி என்பாள். மைமூனுக்கு அந்தக் கணக்கு தெரியாததா?

"பேனாவை எடு" என்றாள் ஷம்ஷாதிடம்.

கையெழுத்துப் போடும்போது ஒன்றைக் கவனித்தாள். உள்ளே எங்கோ ஒரு மூலையில் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. கட்டாயத்தில் போட்டேன், ஷம்ஷாதுக்காகப் போட்டேன் என்று இனி சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பாவத்தைச் செய்ய அவளுக்கு உண்மையில் துணிச்சல் இருந்ததா, அந்த நாள் வந்திருந்தால் பெட்டியோடு மூன்று மாடி இறங்கியிருப்பாளா என்பது இனி அவளுக்கே தெரியப்போவதில்லை. பீரு செய்ததைவிட அந்த நிம்மதிதான் அவளுக்கு அதிக ஆத்திரம் மூட்டியது.

அவர்கள் கிளம்பும் நாள் மே மாதத்தின் புழுக்கத்தில் வந்தது. நியூ டவுன் ஹஜ் இல்லத்தில் அன்று மாலை ஆஜராக வேண்டும். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மனிதர்களிடம் பட்ட கடனை மனிதர்கள்தான் தள்ளுபடி செய்ய முடியும். அல்லாஹ் அதில் தலையிடுவதில்லை. கடைசி வீடாக, காலை பத்து மணிக்கு, மைமூன் வீட்டுக்கு வந்தார்கள். கட்டடத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வழியனுப்பக் கூடியிருந்தார்கள். கீழே மஞ்சள் டாக்சி காத்திருந்தது.

ஷம்ஷாத் உள்ளே வந்து கையைப் பிடித்தாள். கண் நிறைந்திருந்தது. "ஏதும் மனசு நோக நடந்திருந்தா பொருந்திக்கங்க மதினி."

"பொருந்திக்கிட்டேன். நல்லபடியாப் போய்ட்டு வா. தண்ணி நிறையக் குடி, கூட்டத்துல அவன் கையை விட்டுறாத."

"உங்களுக்காக துஆ செய்றேன்."

"செய்."

திரைக்கு வெளியிலிருந்து பீரு: "மதினி, அன்னைக்கு ஏதும் கடுசாப் பேசியிருந்தா பொருந்திக்கங்க."

அவள் நிதானமாக மூச்சு விட்டாள். "பொருந்திக்கிட்டேன் தம்பி."

அதோடு முடிந்திருக்கும். ஆனால் பீரு இன்று தனக்காக மட்டும் வரவில்லை. குரலைச் சற்று உயர்த்தி, கூடியிருந்த பெண்களுக்கும் கேட்கும்படி சொன்னான். "அண்ணன் பேர்லதான் இந்த ஹஜ் போறேன். அதனால அண்ணனுக்காகவும் நான் கேக்குறேன். அவரு உங்களுக்கு ஏதும் குறை வச்சிருந்தா, அவரையும் பொருந்திக்கங்க மதினி. அவரு கபர் விசாலமாகட்டும்."

"ஆமீன்" என்றார்கள் பெண்கள்.

எல்லோரும் காத்திருந்தார்கள். ஒரே ஒரு சொல். எந்த மனைவியும் சொல்லும் சொல். மைமூன் வாயைத் திறக்கவும் செய்தாள். சொல் நாக்கின்மேல் இருந்தது. அது வெளியே வந்தால் பத்தொன்பது வருஷமும் செல்லாததாகிவிடும். அவர் கேட்டதே இல்லை. ஒரு தடவை, தோசை தின்றுகொண்டே, சும்மா பேச்சுக்காவது, 'உன்னை ரொம்ப நாள் காக்க வச்சிட்டேன்ல' என்று கேட்டிருந்தால், அவள் அங்கேயே, அப்போதே சொல்லியிருப்பாள்.

"மதினி?" என்றான் பீரு.

"கேக்க வேண்டியது அவரு" என்றாள். "நீ கேட்டு நான் குடுக்க முடியாது."

"அவருதான் இல்லையே மதினி."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

ஷம்ஷாத் அவள் முழங்காலைத் தொட்டு, "சொல்லிருங்க மதினி, நேரமாகுது" என்று கெஞ்சினாள். கீழே டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான். வெளியே கிசுகிசுப்பு தொடங்கி, யாரோ 'சும்மா இருங்க' என்றதும் அடங்கியது. மைமூன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை யாரும் துக்கம் என்று சொல்லவில்லை. சொல்ல இடமில்லாதபடி அவள் குரல் தெளிவாக இருந்தது.

கடைசியில் பீரு எழுந்தான். ஸலாம் சொன்னானா என்று தெரியவில்லை. செருப்புகள் படியிறங்கின, பெண்கள் பின்னாலேயே இறங்கினார்கள். தெருவில் யாரோ உரக்க 'லப்பைக்' என்று ஹஜ் முழக்கம் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து சொன்னார்கள். அவள் ஜன்னலுக்குப் போகக் கூடாது. போகவும் இல்லை. இன்று மாலைக்குள் ஜக்கரியா தெரு முழுக்கத் தெரிந்துவிடும், சிக்கந்தரின் பெண்டாட்டி மன்னிக்கவில்லை என்று. அவர் கபரைப் பற்றிக் கவலைப்படுவார்கள். இரண்டு வாரத்தில் அரஃபாத் மைதானத்து வெயிலில் பீரு கையேந்தி நிற்கும்போது, அண்ணனுக்காகக் கேட்டுக்கொண்டே வந்து, இந்த இடத்தில் தடுமாறுவான். அங்கேயும் அவனுக்கு இது ஞாபகம் வரும்.

அவளிடமிருந்து அவ்வளவு தூரம் போனது அந்த மறுப்பு ஒன்றுதான்.

டாக்சி கிளம்பிப் போய், தெரு பழையபடி ஆனது. பெண்கள் யாரும் மேலே திரும்பி வரவில்லை. இத்தா முடிய இன்னும் எண்பத்தைந்து நாள் இருந்தது. குடித்துவிட்டு வைத்திருந்த டீ டம்ளர்களை ஹாலிலிருந்து பொறுக்கி எடுத்துக்கொண்டு மைமூன் சமையலறைக்குப் போனாள்.